பிரிக்கக் கூடாத கவர்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கண் விழித்ததும் தெரிந்தது கூரையில் அசைந்துகொண்டிருந்த நீல வெளிச்சம். அபார்ட்மென்ட் நடுவிலிருந்த நீச்சல் குளத்துக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இறங்காத அந்தத் தண்ணீரின் அசைவு எங்கள் படுக்கையறைக் கூரையில் வந்து நெளிந்தது. டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் அந்தக் கோடை முழுவதும் தண்ணீருக்கு அடியில் குடியிருப்பது போலவே இருந்தது.

கணவரும் இரண்டு வயது மகளும் எழுவதற்குள் இன்டர்நெட்டைப் பார்த்துவிட வேண்டும். போன் லைன் ஒன்றுதான். மோடம் கிரீச்சிட்டு அடங்கியதும் கல்லூரியின் பக்கம் மேலிருந்து வரிவரியாக இறங்கும். முதலில் வானம், பிறகு மரத்தின் உச்சி, வெகுநேரம் கழித்துப் புல்வெளியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலை. அவள் கால்கள் வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படிக்கும் படிப்புக்குப் புல்வெளி எதற்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால்தான் அந்தப் படிப்பு. ஆனாலும் அந்தப் புல்லின் மேல் நடந்துதான் வகுப்புக்குப் போகப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் மூன்று வருடம் பி.ஏ. வரலாறு படித்து முடித்து, ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் நான். இங்கே பட்டம் என்றால் நான்கு வருடம், வருடத்துக்கு முப்பதாக நூற்றிருபது கிரெடிட். அந்தக் கணக்கில் என்னுடையது முடிக்காத படிப்பு. கல்லூரி மாறி வரும் மாணவியாகச் சேர்ந்து மீதியை முடிக்க வேண்டும். தேடியதில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று என் மூன்று வருடத்தையும் ஏற்கும். இன்னும் ஒரே வருடத்தில் பட்டம். ஆனால் மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகம் முத்திரையிட்ட கவரில் வர வேண்டும். பிரித்த கவர் செல்லாது. சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறை. மற்றது செராக்ஸ் போதும் என்றது. ஆனால் ஒரு வருடப் படிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

முதல் கல்லூரி என்று முடிவு செய்திருந்தேன். அப்பா பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் நின்று கவரை வாங்கிக் கொரியரில் அனுப்பியிருந்தார். முந்தின நாள்தான் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

அன்று காலை மோடத்தைத் துண்டித்த மறுநிமிடம் போன் அடித்தது. மதுரையில் மாலை ஐந்து மணி தாண்டியிருக்கும்.

"ஒரு மணி நேரமா எங்கேஜ்டு. யார்கூடம்மா அவ்வளவு பேச்சு?"

"கம்ப்யூட்டர்ப்பா. கவர் வந்துருச்சு."

"இனிஷியல் கரெக்டா போட்டிருக்கான். பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

"பிரிச்சீங்களாப்பா?"

"ஆவில காட்டி எடுத்தேன். கிழியவே இல்ல. பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ல தப்பா அடிச்சுட்டு எவ்வளவு அலைய விட்டானுங்க. மறுபடி அப்படியே ஒட்டிட்டேன்ல."

கவரை ஜன்னலருகே கொண்டுபோனேன். வட்ட முத்திரையில் பாதி மடிப்பின் மேலும் பாதி அதற்குக் கீழும் விழுந்திருந்தது. இரண்டு பாதிகளும் ஒரு நூலளவு விலகியிருந்தன.

கணவர் எழுந்து வந்து, பல் துலக்கியபடியே பார்த்தார்.

"அமெரிக்காகாரன் இதையெல்லாம் லென்ஸ் வச்சா செக் பண்ணப் போறான்? பேசாம போஸ்ட் பண்ணிடு."

"எனக்கே தெரியுதுங்க."

"உனக்கு சாம்பார்லயே ப்ரூஃப் மிஸ்டேக் தெரியும்."

ஒன்பது மணிக்குக் கல்லூரிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டாள். அறுபத்தொன்று என்றேன். புதிய கவர் வேண்டும், கடைசி நாள் வெள்ளிக்கிழமை, தவறினால் அடுத்த வருடம் என்றாள். அன்பான குரல்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மகளைக் கூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போனேன். வெயிலில் தண்ணீரின் அடித்தளம் நடுங்கியது. அவள் ஒரு இலையைப் போட்டாள். அது நகராமல் ஒரே இடத்தில் சுழன்றது. அப்பாவிடம் சொன்னால் மறுநாள் காலையே வரிசையில் போய் நிற்பார். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் கவர் வந்து சேராது. யாரால் ஒரு வருடம் போனது என்று அவருக்கே விளங்கிவிடும். இந்தப் பக்கம், செராக்ஸ் கேட்ட கல்லூரியில் மூன்று வாரத்தில் வகுப்பு. ஆனால் படித்த இரண்டு வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். இலை சுழன்றுகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. மகள் சட்டையைப் பிடித்து இழுத்தபோது நிழல் எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

மறுநாள் காலை, செராக்ஸ் கேட்ட கல்லூரியின் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார்.

"கவரை அனுப்பிட்டியாம்மா?"

"வேற காலேஜ் கெடைச்சுருச்சுப்பா. அங்க கவரே கேக்கல."

"கவர்கூடக் கேக்காம சேக்குறானா? என்ன காலேஜ் அது?"

"நல்ல காலேஜ்தான்ப்பா."

"விசாரிச்சுக்கோ."

ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. எனக்குத் தொண்ணூறு கிரெடிட் பாக்கி இருந்தது.