செபஸ்ரியன் சுவைக்காத வைன்

செபஸ்ரியனின் நாக்கைப் பற்றி ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதித் தமிழர்கள் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும், கலியாண வீடென்றும் பாராமல் சொல்லிவிடுவார். அந்த நாக்கை மதித்த ஒரே மனிதர் எங்கள் முதலாளி ஓலாவ்தான்.

ஒஸ்லோவுக்கு வெளியே ஓலாவிடம் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீடுகள் இருந்தன. செபஸ்ரியனுக்கும் எனக்கும் அங்கேதான் வேலை. தக்காளி வியாபாரம் படுத்ததும் ஓலாவ் ஒரு கண்ணாடி வீட்டில் வைன் செய்வதற்கென்று பிரான்சின் போர்தோப் பக்கத்து முந்திரிகை, அதாவது திராட்சைக் கொடிகளை நட்டார்: மேர்லோ, இரண்டு வகைக் கபெர்னே. மனுசனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். செபஸ்ரியனோ அந்தக் கொடிகளோடு குடித்தனமே நடத்தினார். 2007 இலையுதிர்காலத்தில் விதையைக் கடித்துப் பார்த்து, இன்றைக்கு வெட்டலாம் என்று சொன்னவர் அவர்தான். நசித்து, தோலோடு நொதிக்கவிட்டு, பிழிந்து, மூன்று சாற்றையும் தனித்தனி மரப் பீப்பாய்களில் வைத்தோம். 2009 யூனில் கலப்பதாக ஏற்பாடு. எதில் எவ்வளவு என்பதை அவருடைய நாக்குத்தான் தீர்மானிக்க வேண்டும். போத்தலில் அவர் பெயரைப் போடுவதாகவும் ஓலாவ் வாக்குக் கொடுத்திருந்தார்.

செபஸ்ரியனின் மனைவி நேசமணியின் தம்பி கிளெமென்ற் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு செய்தியே இல்லை. மே மாதத்தில் ஒருநாள் நேசமணி மடு மாதா படத்துக்கு முன் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டார்: தம்பி உயிரோடு கிடைத்தால், புருஷனின் நாக்கில் இனி ஒரு துளி மதுவும் படாது. எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் உண்டு. நேருவது ஒருவர், நிறைவேற்றுவது இன்னொருவர். வீட்டில் ஆக விருப்பமானதை நேர வேண்டும் என்று அவர் நினைத்தார். அது செபஸ்ரியனுடையதாக இருந்துவிட்டது.

யூன் முதல் கிழமை, கிளெமென்ற் வவுனியாவில் இராணுவம் அடைத்து வைத்த முகாமில் இருக்கிறான் என்று செய்தி வந்தது. செபஸ்ரியன் விம்மி அழுதார். அழுது முடிந்த பிறகுதான் நேசமணி நேர்த்தியைச் சொன்னார்.

கலக்கும் நாளில் ஓலாவ் மூன்று கிளாஸ்களை நீட்டினார். செபஸ்ரியன் மூக்கருகே பிடித்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. சுவைத்துவிட்டுத் துப்பினால் போதுமே என்று ஓலாவ் வாளியைக் காட்டினார்.

"சுவாமியாரிட்டையும் கேட்டனான்," என்று செபஸ்ரியன் என் பக்கம் திரும்பினார். "ஒராள் நேர்ந்தது மற்றாளைக் கட்டாதாம். சட்டம் சரிதான். ஆனா பெடியன் இன்னும் முகாமுக்குள்ளை எல்லோ. நான் இதை வாயிலை வைச்சு, அங்கை அவனுக்கு ஒண்டு நடந்தா, நேசத்தின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மீதென்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஓலாவ் தன் வாய்க்குப் பட்டபடி கலந்தார். மேர்லோ குறைவோ என்று செபஸ்ரியன் மணத்தை வைத்துச் சொன்னார். நிச்சயமா என்று ஓலாவ் கேட்டதற்கு அவரால் ஓம் என்று சொல்ல முடியவில்லை.

போத்தலில் பெயர் வந்தது. வைன், பச்சை மிளகாய்க் காம்பைச் சப்பியது போலிருந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

மார்கழியில் கிளெமென்ற் முகாமிலிருந்து வெளியே வந்து தொலைபேசி எடுத்தான். நானும் அவர்கள் வீட்டில், அவன் குரல் கேட்கும்படி செபஸ்ரியனுக்குப் பக்கத்தில் இருந்தேன். செபஸ்ரியன் அவனிடம் நேர்த்திக் கதையைச் சொன்னார்.

"அக்கா எப்ப அத்தான் நேர்ந்தவ?"

"மே பன்ரெண்டு."

"நான் ஏப்ரல் இருபதே தப்பி வந்திட்டனே. பதிவிலை பேர் வரத்தான் பிந்தினது."

செபஸ்ரியன் மெதுவாக மனைவியைப் பார்த்தார். "நேசம், நீர் நேர முதலே அவன் தப்பிட்டானாம்."

நேசமணியின் கண் கலங்கிவிட்டது. மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களே, கேக்க முன்னமே தந்திருக்கிறா. இப்பிடிப்பட்ட தாய்க்கு எப்பிடியப்பா வாக்கு மாறுறது?"

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் கிளெமென்ற், அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.