அவரோ, அவவோ

கரம்பொனில் எங்கள் வீட்டுப் பக்க அறைக்கு அருள் வாடகைக்கு வந்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கட்டை மயிர், சேட்டு, மூக்கில் சின்னதாய் ஒரு மின்னி. தம்பி என்று கூப்பிடுவதா, தங்கச்சி என்று கூப்பிடுவதா? முப்பது வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்த எனக்கு ஒரு ஆளின் பால் தெரியவில்லை என்றால் வெட்கம்தானே!

வேலை மாட்டு வைத்திய நிலையத்தில். காலையில் கன்றுகளுக்கு ஊசி போடப் போகும் ஆள், பின்னேரம் சாணி மணத்தோடு வரும். பேச்சில் பிடித்துவிடலாம் என்று காது கொடுத்தேன். "இப்பதான் வந்தனான் ரீச்சர்." எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் 'வந்தனான்' என்றுதானே சொல்வோம். ஒன்றும் பிடிபடவில்லை. கொடியில் காய்ந்த உடுப்பைக்கூட நோட்டம் விட்டேன். சேட்டும் காற்சட்டையும்தான்.

கடைசியில் நேரே கேட்டேன். "நீர் ஆம்பிளையோ, பொம்பிளையோ? ஒளிக்காமல் சொல்லும்."

"ரெண்டும் இல்லை ரீச்சர். பிறக்கேக்கை பெட்டை எண்டு பதிஞ்சவை. எனக்கு அது ஒருநாளும் பொருந்தேல்லை. அதுக்காக நான் பெடியனும் இல்லை. நெடுந்தீவிலை வீட்டுக்காரர் கலியாணம் பேசிப் போட்டினம். சொல்லாமல் வெளிக்கிட்டு வந்தனான். பிடிச்சால் கொண்டுபோய்த் தாலி கட்டுவிச்சுப் போடுவினம்."

நான் நம்பவில்லை. பொலிஸ் கேஸ் ஏதும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். "அப்ப உம்மை என்னெண்டு சொல்லுறது? அது எண்டோ?"

அருளின் முகம் செத்துப்போயிற்று. "நான் ஊசி போடுற மாட்டைத்தான் அது எண்டு சொல்லுறது. என்னை அவர் எண்டு சொல்லுங்கோ."

"அது ஆம்பிளையளுக்கெல்லே?"

"புத்தகத்திலை பலர்பால்தானே ரீச்சர்? ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நீங்கள் படிப்பிக்கேல்லையோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் இலக்கணத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார்! ஆனாலும் அடையாள அட்டையை ஒருநாள் வாங்கிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் போகவில்லை.

அடுத்த கிழமை படலையில் ஒருவன் வந்து நின்றான். பெயர் தனேஸ், ஊர் நெடுந்தீவு என்றான். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பாவாடை தாவணி, தலை நிறையப் பூ, சிரிப்பே இல்லாத முகம். அருள்தான்.

"எங்கடை தங்கச்சி நிருஜா. இஞ்சை இருக்கிறாள் எண்டு கேள்விப்பட்டன். கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. அடிச்செண்டாலும் கூட்டிக்கொண்டு போகவேணும்."

இரண்டு மாதமாய் நான் துருவித் துருவித் தேடிய பதில் அவன் கையில் இருந்தது. குசினியில் அருள் கோப்பை கழுவிய சத்தம் சட்டென்று நின்றது. அடிச்செண்டாலும் என்றானே, அந்தச் சொல்லைக் கேட்டதும் படலைக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"இஞ்சை பெட்டை ஒருத்தியும் இல்லை."

"அப்ப உள்ளுக்கை ஆர்?"

"அருள். அறையிலை வாடகைக்கு இருக்கிறார்."

"இருக்கிறாரோ?"

"ஓம். இருக்கிறார்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். சத்தம் தேயும்வரை நின்று, படலையைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். அருள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"எனக்காகப் பொய் சொன்னியளோ ரீச்சர்?"

"நான் எங்கையப்பா பொய் சொன்னனான்?"