கூடத்துக் கட்டில்கள்

முதியோர் இல்லங்களுக்கான சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கோலா சிலாங்கூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவனுக்குக் கருத்து இல்லாமல் இருக்குமா? கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே சக்கர நாற்காலி போக இடம் வேண்டும், கூடத்தில் யாரையும் படுக்க வைக்கக் கூடாது, மீறினால் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று நல்ல மலாய் மொழியில் பேசினேன். கை தட்டினார்கள். வெளியே வந்து கறிபாப் தின்றேன்.

புதுச் சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் இருக்கிற விதிகளை இறுக்கிப் பிடிக்க அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன இடங்களில் ஒன்று என் அக்காள் இருக்கும் இல்லம்.

அதை நடத்துகிறவர் பழைய ஆஸ்பத்திரித் தாதி. எல்லாரும் மிசி என்போம். பக்கவாதத்தில் விழுந்த அக்காளுக்கு உள் அறையில் இடம். கூடத்தில் கிடந்தவர்கள் எஸ்டேட்டுக்காரர்கள். யாராவது தாயை லோரியில் ஏற்றி வந்து வாசலில் நின்றால் மிசிக்கு இல்லையென்று சொல்ல வராது. இன்னொரு மடக்குக் கட்டிலை விரிப்பார். நான் அதைப் பேராசை என்று நினைத்திருந்தேன்.

கூடத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தது. மற்றவர்களைச் சொந்தக்காரர்கள் எங்கெங்கோ கொண்டுபோனார்கள். நடக்க முடியாத ஒரு பாட்டி மட்டும் மிச்சம். மகன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். விடியுமுன் அவர் போனால் எஸ்டேட் லயத்து வீட்டில் ஆளில்லை. ஒரு வழி சொல்லுங்கள் என்று மிசி என்னைக் கூப்பிட்டார். பெருமையாகத்தான் போனேன்.

நான் சொன்னதை மகன் நின்றுகொண்டே கேட்டார். அரசாங்க இல்லத்தில் பிள்ளை இருப்பவர்களைச் சேர்க்கமாட்டார்கள். சமூக நல உதவிப்பணம் கிடைக்கும், தூக்கி உட்கார வைக்க ஆள் கிடைக்காது. சுங்கை பெசாரில் உரிமம் உள்ள இல்லம் நிரம்பிவிட்டது. கிள்ளானில் இருப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் வரிசையாக, தெளிவாக விளக்கினேன்.

"அப்ப எங்கதாங்க ஐயா வச்சிக்கிறது?" என்றார்.

மிசி துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தஞ்சோங் காராங்ல ஐயா வீட்டுல ரெண்டு ரூம் காலியாத்தான் கெடக்குது. பகல்ல பாத்துக்க ஆள்கூட நானே அனுப்புறேன். அக்காவ கூட்டிட்டுப் போனா இந்தம்மாவுக்கு உள்ள ஒரு கட்டில் கெடைக்கும்லா."

என் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கிறது. அதைச் சொன்னேன். நோயாளி புழங்கும் இடத்தில் படி இருக்கக் கூடாது என்பதற்கான விதியையும் சொன்னேன். ஒரு கொத்தனார் அரை நாளில் இடித்துவிடும் படி அது.

"பரவால்லங்க ஐயா," என்றார் மகன். உண்மையாகவே என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். தாயைக் குழந்தையைப்போல் தூக்கி லோரியின் முன் இருக்கையில் வைத்துத் துண்டால் கட்டினார். பிறகு என்னிடம் வந்து, என் கார் வழியை மறித்து நிற்கிறது, கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார்.

நகர்த்தினேன்.