சாய்கிற சீற்றும் சாயாத மருமகனும்

மக்காவுக்கு உம்றாச் செய்ய ஆள் கூட்டிப் போகிறவனுக்கு மார்க்கம் பாதி தெரிந்தால் போதும், மீதியை மௌலவி பார்த்துக்கொள்வார். ஆனால் சீற் சாய்க்கிற பட்டன் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முழங்கால் நாடியில் முட்ட, முன்னால் இருப்பவரின் தலை சோற்றுத் தட்டுக்கு மேல் வந்து நிற்க, அரை நாள் வாயைப் பொத்திக்கொண்டு பறந்த என் சகோதரங்களே, இது உங்களுக்காகத்தான். சவூதியில் வீட்டுச் சாரதியாக இருந்துவிட்டு ஊருக்கு வந்த நான், சாய்ந்தமருதில் ஒரு பயண முகவரோடு சேர்ந்து ஆட்களைக் கூட்டிப் போகத் தொடங்கினேன். பிளேன் ஏறுமுன் என் ஆட்களுக்கு நான் சொல்லும் சட்டம் ஒன்றே ஒன்றுதான். சாய முந்தி பின்னுக்குக் கிறுகிப் பாருங்க, ஸலாம் சொல்லுங்க, கேளுங்க, மறுகா மெல்லச் சாயுங்க. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

எத்தனையோ பயணம் போயிருக்கிறேன். யுத்தம் முடிந்த வருசம் போனதை மட்டும் இங்கே சொல்கிறேன். அந்தப் பயணத்தில் ஒரு குடும்பமே ஒரு சீற்றில் தொங்கிக்கொண்டு வந்தது.

மாமியை எங்கே வைக்கிறது?

ஹலீமா உம்மாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. புருசன் மௌத்தாகி வெகு காலம். ஒரே மகளைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. மிஞ்சினது அப்போது கைக்குழந்தையாக இருந்த பேத்தியும் மருமகன் றிஸ்வியும்தான். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். பெண்ணே போன பிறகு அவருக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று ஊர் கேட்கத்தான் செய்தது. றிஸ்வி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்து, மாமியையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். இப்போது அவருடைய உம்மா நிந்தவூரில் ஒரு பெண் பார்த்துவிட்டார். உம்றா முடிந்து வந்ததும் பதில் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்தால் றிஸ்வி நிந்தவூருக்கு, பிள்ளையும் வாப்பாவோடு. ஹலீமா உம்மாவுக்கு மிச்சம் நாலு சுவர்.

“போறீங்களா, இருக்கிறீங்களா” என்று நேரே கேட்டுவிடலாமே என்பீர்கள். அது எப்படி? எங்கள் மாமிமார் மருமகன் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளைக்குச் சொல்வது போல அவருக்குச் சொல்வார்கள். பேரைக்கூடச் சொல்லாமல் ‘புள்ளட வாப்பா’ என்பார்கள். கலியாணம் நடந்த நாளிலிருந்து இந்த மாமி அந்த மருமகனோடு நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. ஆனால் மஹ்ரமான, அதாவது கலியாணம் முடிக்கக் கூடாத உறவான, ஆண் துணை இல்லாமல் பெண்ணுக்கு விசா கிடையாது. மகள் மௌத்தானாலும் மருமகன் மஹ்ரம்தான் என்று மார்க்கம் சொல்கிறது. அதனால் பிள்ளையைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டு றிஸ்வி கூட வந்தார்.

விமான நிலையத்தில் சீற் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! பக்கத்தில் வைத்தால் தோள் முட்டும். நடைபாதைக்கு அங்கால வைத்தால் முகம் தெரியும். கடைசியில் மருமகனை முன்னாலும் மாமியை அவருக்கு நேர் பின்னாலும் வைத்துவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு நடைபாதைக்கு மற்றப் பக்கம் போய் இருந்தேன். ஹலீமா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு முன் சீற்றின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் குசுகுசுத்தார்: “தம்பி, இது பின்னுக்குச் சாயும் எண்டாங்களே. அப்ப புள்ளட வாப்பாட தல என்ட மடிக்கல்லவா வரும்?”

நிமிர்த்தச் சொன்னால்

பிளேன் கிளம்புமுன் சீருடை போட்ட பணிப்பெண் வரிசை வரிசையாக வந்து, எல்லோரும் நிமிர்ந்து இருங்கள் என்று கையால் காட்டிக்கொண்டு போனார். அவர் எங்கள் வரிசைக்கு வரமுந்தி என் ஆட்களில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். கையில் அடையாள அட்டை! பாஸ்போட் கழுத்தில் தொங்குகிறது, அதை ஒருவரும் தொடவில்லை. சீருடை வந்து நிமிரச் சொன்னால் அட்டையை நீட்டு என்றுதான் அத்தனை வருசம் கொழும்பு பஸ்ஸில், சோதனைச் சாவடிக்குச் சாவடி கை பழகியிருக்கிறது. யுத்தம் முடிந்தது எங்களுக்குத் தெரியும், கைக்கு யார் சொல்வது? அந்தப் பணிப்பெண் அட்டைகளைப் பார்த்து முழித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கிற உதுமாலெப்பை ஹாஜியார் நல்ல உலகம் கண்ட மனிதர். அவரும் மேலே வைத்த பையை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். “ஹாஜியார், எங்க போறீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்துச் சொன்னார்: “இறங்கி நடந்து போய் அங்கால ஏறவா, இல்ல இதுக்குள்ளயே வெச்சுப் பாப்பாங்களா?”

கடல் சட்டை

அடுத்ததாக அந்தப் பெண் மஞ்சள் சட்டையைக் கழுத்தில் மாட்டி, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆறுதலாக, மெல்ல மெல்லச் செய்து காட்டினார். இப்படி இழுக்க வேண்டும், இப்படி முடிச்சுப் போட வேண்டும், காற்றுப் போதாவிட்டால் இந்தக் குழாயில் ஊத வேண்டும். வேறு நாட்டுக்காரர்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசைகளில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்த மீராசா காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) மாளிகைக்காட்டு மீன்பிடிகாரர். சுனாமியில் தோணியும் போய், வலையும் போய், கூடப்பிறந்த ரெண்டு பேரும் போனவர். கடைசி முடிச்சு வரைக்கும் கண் வெட்டாமல் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கடல் சொல்லிப்போட்டு வரும் எண்டு நினச்சித்தான் இதத் தைச்சிரிக்காங்க.”

இஹ்ராம் உடுத்தவர் சண்டை பிடிக்கலாமா?

மேலே போனதும் பெல்ற் விளக்கு அணைந்தது. என் சட்டத்தை என் ஆட்களே முதலில் உடைத்தார்கள். உதுமாலெப்பை ஹாஜியார் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டார். ஸலாமும் இல்லை, கலாமும் இல்லை, தடாலென்று ஒரே சாய்வு! அவருக்குப் பின்னால் இருந்தவர் மீராசா காக்கா. ஆறடி மனிதர், முழங்கால் ரெண்டும் சீற்றில் நசிந்துவிட்டது. முகம் கறுத்து, மூக்கு விடைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்தவர் தன் உடம்பைப் பார்த்தார். வெள்ளை இஹ்ராம் துணி, உம்றாவுக்கு உடுத்துகிற தையல் இல்லாத உடுப்பு. இஹ்ராமில் இருப்பவர் வாய்த்தர்க்கம் பண்ணக்கூடாது என்று நான்தான் ஊரிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

“காக்கா, உம்றாச் செய்யப் போறன் எண்டு நிய்யத் வைக்கிற எல்லை இன்னும் வரல்ல. அதுக்குப் பிறகுதான் அந்தச் சட்டமெல்லாம்” என்று சமாதானம் சொன்னேன். எதுக்கு வீண் வம்பு என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். என் காதுக்குள் குனிந்து சொன்னார்: “ஆள நல்லாப் பாத்து வெச்சிரிக்கன். ஊருக்குப் போய் இத அவுத்த மறுகா கதைக்கிறன்.”

கேட்டதால் வந்த வினை

நான் சும்மா இருந்திருக்கலாம். சட்டம் போட்டவனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஹாஜியாரை எழுப்பி, சீற்றை நிமிர்த்தவைத்து, “ஸலாம் சொல்லிக் கேட்டுச் சாயுங்க” என்றேன். நல்ல மனிதர், வெட்கப்பட்டுப் பின்னுக்குக் கிறுகி ஸலாம் சொன்னார். ஸலாம் சொன்னால் எங்கள் ஆட்கள் அதோடு விடுவார்களா? எந்த ஊர், எந்த வளவு, எந்தக் குடி, யாருடைய மகன் என்று போய், ஹாஜியாரின் மகனுக்கு வீட்டுப் பெண்கள் மட்டும் போய்ப் பேசி வைத்திருக்கிற பெண் மீராசா காக்காவின் மௌத்தான தம்பியின் மகள் என்று வந்து நின்றது. பெண்ணுக்கு வாப்பா இடத்தில் இவர்தான்.

அதோடு எல்லாம் தலைகீழ். “நீங்க சாயுங்க, எனக்கு ஒரு கரச்சலும் இல்ல” என்று மீராசா காக்கா கெஞ்சுகிறார். முழங்காலைக் கையால் தூக்கி ஒரு பக்கமாக மடித்துக்கூட காட்டினார். ஹாஜியார் பட்டன் பக்கமே கை கொண்டுபோகவில்லை. முதுகு நோவு என்று மாத்திரை போட்டுக்கொண்டார், சாயவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்படியும் வாயால் சொன்னார்: “கேக்காம இருந்திருந்தா சாஞ்சிருப்பன். இப்ப சம்பந்தியாப் போயிட்டாரே!”

நடுவில் நான் ஒரு தபால்காரன்

இந்தக் கூத்துக்குள் மற்றப் பக்கம் றிஸ்வி கம்பு மாதிரி நிமிர்ந்தே இருந்தார். சாப்பாடு வந்தது. ஹலீமா உம்மா என்னைப் பார்த்து, “தம்பி, புள்ளட வாப்பா ஒண்டும் சாப்பிடல்ல. சாப்பிடச் சொல்லுங்க” என்றார். றிஸ்வி என்னைப் பார்த்து, “காக்கா, சாப்பிட்டன் எண்டு மாமிக்குச் சொல்லுங்க” என்றார். ரெண்டு பேருக்கும் இடையில் ஒரு சீற்றின் முதுகு மட்டும்தான்! நான் வேறு அங்கும் இங்கும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, பக்கத்து வரிசை வெள்ளைக்காரர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

றிஸ்வி மாமியின் மூட்டை முடிச்சைக் காவல் காத்து பஸ்ஸிலும் கண் மூடாதவர். நித்திரை தூக்கி அடித்தது. முன்னுக்கு விழுந்து முன் சீற்றில் நெற்றி முட்டி, திடுக்கிட்டு நிமிர்ந்தார். திரும்பவும் விழுந்தார், திரும்பவும் நிமிர்ந்தார். ஒவ்வொரு முட்டலுக்கும் பின்னால் இருந்து “அல்லாஹ்வே” என்று ஒரு சத்தம். கடைசியில் ஹலீமா உம்மா அழாக்குறையாக, “சாயச் சொல்லுங்க தம்பி, எனக்கு முழங்கால்ல பட்டாலும் பரவால்ல” என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “ஏன்டாப்பா, பட்டன அமத்தினா என்ன வெடிக்கவா போகுது?” என்று றிஸ்வியைப் பிடித்து ஏசினேன். அவர் சிவந்த கண்ணோடு மெல்லச் சொன்னார்: “காக்கா, மாமிக்கு முன்னால நான் காலக்கூட நீட்டினதில்ல. தலய நீட்டுவனா?”

எல்லை வந்த நேரம்

நிய்யத் வைக்கிற எல்லை நெருங்குகிறது என்று அறிவித்தார்கள். ஆண்கள் எல்லோரையும் தொப்பியைக் கழற்றச் சொன்னேன். நிய்யத் வைத்தோம். “லப்பைக்”, வந்துவிட்டேன் இறைவா, என்று ஒரு குரல் தொடங்க, பிளேன் முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. மீராசா காக்கா தேம்பித் தேம்பி அழுதார். நானும்தான் அழுதேன், என்ன வெட்கம்?

சத்தம் ஓய்ந்த நேரம் பின்னால் இருந்து ஒரு கை முன் சீற்றைத் தட்டியது. “மகன்.” றிஸ்வி வழக்கம் போல என்னைப் பார்த்தார், என்ன தபால் என்று. என்னிடம் ஒன்றுமில்லை. “மகன், உங்களத்தான். சாயுங்க.” ஹலீமா உம்மா முக்காட்டுக்குள் இருந்தே பேசினார். “நீங்க இந்தக் கலியாணம் ஏலா எண்டு சொல்லணும் எண்டு துஆக் கேக்கத்தான் நான் வந்த. இனிக் கேக்கமாட்டன். உங்களப்போல ஒரு வாலிபப் புள்ளயக் கட்டி வெச்சிக்கிட்டு அல்லாஹ்ட ஊட்டுல நிண்டு கேக்கிற துஆவா அது? முடிங்க மகன். புள்ளய மட்டும் வெள்ளிக்கு வெள்ளி கொணந்து எனக்குக் காட்டுங்க.”

றிஸ்வி திரும்பாமலே பதில் சொன்னார். “மாமி, நான் உம்மாக்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்த. பொண்ணு எங்கட ஊட்டுக்கு வாற எண்டா முடிப்பன். இல்லாட்டி வேணாம். உங்கள உட்டுட்டு நான் நிந்தவூருக்குப் போற இல்ல.”

“பொண்ணு மாப்புள ஊட்டுக்கு வாற வழம எங்க மகன் இரிக்கி?”

“மாமியும் மருமகனும் கதைக்கிற வழம மட்டும் எங்க இரிந்த?”

ஹலீமா உம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. றிஸ்வி பட்டனை அமத்தினார். சீற் மெல்ல மெல்லப் பின்னுக்கு வந்து நின்றது. வீட்டில் தொப்பி இல்லாமல் அவர் மாமியின் கண்ணில் பட்டதே இல்லை. ஹலீமா உம்மா குனிந்து அந்தத் தலையைப் பார்த்தார். முன்பக்கமெல்லாம் நரை. முப்பத்தைந்து வயசுகூட ஆகாத மனிதர். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். றிஸ்வி அதற்குள் தூங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பெண் வந்தார். ஜித்தா வரப்போகிறது, சீற்றை நிமிர்த்த வேண்டும் என்று றிஸ்வியின் தோளைத் தொடப் போனார். பின்னால் இருந்து ஒரு கை நீண்டு அவரை மறித்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்குமா இல்லையா என்றெல்லாம் ஹலீமா உம்மா யோசிக்கவில்லை: “கொஞ்சம் பொறுங்க மகள். என்ட புள்ள இப்பதான் சாஞ்ச.”

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “பிளேன்ல சும்மா இருந்து போய் வாறதெல்லாம் ஒரு தொழிலா காக்கா?” என்று யாராவது கேட்டால், அடுத்த பயணத்தில் அவருக்கு அவருடைய மாமிக்கு முன் சீற்றைத்தான் போட்டுக் கொடுப்பேன்.