முதலாளியம்மாவின் ஒன்பது-மூன்று

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, ஓடன்வால்ட் காட்டோரம் இருந்த ஒரு சிறிய விடுதியின் சமையலறையில் வேலை செய்தேன். விடுதியை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். இருவருமே வேட்டைக்காரர்கள். அந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, காட்டில் ஒரு துண்டைக் குத்தகைக்குப் பிடித்து, தோட்டம் செய்வதுபோல ஒழுங்காக வேட்டையாடுவார்கள். பெரும்பாலும் காட்டுப்பன்றிதான் விழும். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். பன்றி வெட்ட எனக்குக் கூச்சமில்லை. அதற்காகவே அந்த வேலை எனக்குக் கிடைத்தது என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

முதலாளியும் முதலாளியம்மாவும் எல்லாவற்றிலும் ஒற்றுமை. உப்பு எவ்வளவு, விருந்தாளியை எந்த மேசையில் இருத்துவது, எதிலும் சண்டையில்லை. ஒரே ஒரு விடயத்தில் மட்டும் வாரத்துக்கொரு தடவையாவது முட்டிக்கொள்வார்கள். அது துவக்கில், அதாவது துப்பாக்கியில், போடுகிற ரவை.

முதலாளியம்மாவிடம் தகப்பன் விட்டுப்போன பழைய துவக்கு ஒன்று இருந்தது. அதன் ரவையை எல்லோரும் ஒன்பது-மூன்று என்றார்கள். ரவையின் நுனியிலிருந்து பறக்கிற சன்னத்தின் தடிப்பு ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீற்றர். நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆபிரிக்காவில் போய்க் குடியேறிய ஜெர்மன் தோட்டக்காரர்களுக்காகச் செய்ததாம். சிங்கம், எருமை, யானை, எது முன்னால் வந்தாலும் ஒரு சாதாரணத் துவக்கால் சமாளிக்கவேண்டும் என்பது நோக்கம். அந்தக் குடியேற்ற நாடுகளெல்லாம் கைவிட்டுப் போய்விட்டன. ரவை மட்டும் திரும்பிவந்து ஓடன்வால்டில் பன்றி சுட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி நாகரிகமான மனிதர். அந்த வருடம் அவர் ஒரு புதிய துவக்கு வாங்கியிருந்தார். அதன் ரவை நீளமாக, மெல்லியதாக, மினுங்கிக்கொண்டிருக்கும். பெயரே மக்னம். மின்னல் வேகம், கோடு கீறினதுபோல நேராகப் போகும் என்று மேசைக்கு மேசை சொல்லித் திரிந்தார். மனைவியின் துவக்கையும் ரவையையும் அவர் கிழவி என்றுதான் சொல்வார். அவர்கள் பேசியது ஜெர்மன். என் நினைவில் அது எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

"ஓடன்வால்டில யானை இல்லை," என்பார் முதலாளி.

"அது பண்டிக்குத் தெரியாது," என்பார் முதலாளியம்மா, உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடியே.

நவம்பரில் பெரிய வேட்டை வந்தது. வேட்டைக்காரர்கள் காட்டைச் சுற்றி அங்கங்கே நிற்க, வேறு சிலர் வரிசையாகப் பற்றைக்குள் இறங்கிச் சத்தம் போட்டுப் பன்றிகளைக் கிளப்பவேண்டும். அந்த முறை சத்தம் போட ஆள் போதவில்லை. முதலாளியம்மா என்னையும், தொழிற்சாலையில் வேலை செய்த என் கணவரையும் கேட்டார். எனக்குப் பெரிய விருப்பமில்லை. வெடிச்சத்தம் கேட்காத இடம் என்றுதானே இந்த நாட்டுக்கு வந்தோம். இவர் உடனே ஓம் என்றுவிட்டார். செம்மஞ்சள் மேலங்கி தருகிறார்கள், மத்தியானம் பயற்றஞ்சூப் தருகிறார்கள், வேறென்ன வேணும் என்றார்.

காட்டுக்குள் மற்றவர்கள் ஹொப், ஹொப் என்று கத்தினார்கள். இவர் தடியால் மரத்தில் தட்டி, அடிவயிற்றிலிருந்து தமிழில் கூப்பிட்டார். "வெளியால வாங்கோ. பயப்பிடாதேங்கோ. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

"இஞ்சாருங்கோ, பண்டிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?" என்று கேட்டேன்.

"முன்பின் தெரியாத ஆக்களெல்லோ. எடுத்தவுடன வா போ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நான் சிரித்து முடிக்கவில்லை, முன்னால் பற்றை கிழிந்தது. ஒரு பெரிய ஆண் பன்றி, கறுத்த அலுமாரி ஒன்று ஓடுவதுபோலப் பாய்ந்து போனது. அடுத்த கணம் இரண்டு வெடி, கிட்டத்தட்ட ஒன்றாக. ஒன்று சவுக்குச் சொடுக்கியதுபோல. மற்றது பெரிய கதவொன்றைச் சாத்தியதுபோல.

எனக்குத் தெளிந்தபோது நான் சருகுக்குள் குப்புறக் கிடந்தேன். இவர் எனக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் கையை வைத்தபடி. ஊரில் பழகிய உடம்பு எங்களைக் கேட்காமலே விழுந்துவிட்டது. ஜெர்மன்காரர் எங்களைத்தான் சுட்டுவிட்டார்கள் என்று பதறி ஓடிவந்தார்கள். இவர் எழும்பி, செருப்புக்குள் கல் போய்விட்டதுபோன்ற முகத்தோடு சருகைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை, பழக்கதோசம் என்றார். அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தமிழிலேயே சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள்.

பன்றி சற்றுத் தள்ளி விழுந்து கிடந்தது. அதன் ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் முதலாளியம்மா. இருவரும் சுட்டிருந்தார்கள், பன்றியில் ஒரே ஒரு ஓட்டை. சேறும் மயிருமாக இருந்த அதைப் பார்த்து எந்தச் சன்னம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. முதலாளியின் புருவத்திலிருந்து இரத்தம் வழிந்தது. புதுத் துவக்கு பின்னால் உதைத்ததில் அதன் மேலிருந்த தொலைநோக்கி முகத்தில் இடித்திருந்தது. இந்த நிலையில் அவரோடு வாதாட ஒருவருக்கும் மனம் வரவில்லை. வேட்டைத் தலைவர் வழக்கப்படி ஒரு மரக்கொப்பை முறித்து அவர் தொப்பியில் செருகிவிட்டார். பன்றி முதலாளியுடையதாயிற்று. முதலாளியம்மா கை கொடுத்து வாழ்த்தினார்.

சில நாட்களுக்குப் பிறகு, நோயில்லையென்று சோதித்து முத்திரை குத்திய பன்றியை நானும் முதலாளியம்மாவும் பின்கட்டில் தொங்கவிட்டுத் தோலுரித்தோம். தோள்பட்டைக்கு மறுபக்கத்தில், தோலுக்கு அடியில், என் கத்தி எதிலோ தட்டுப்பட்டது. விரலால் நெம்பி எடுத்தேன். நுனி காளான்போல விரிந்த ஒரு ஈயக்கட்டி. அடிப்பாகம் மட்டும் அப்படியே உருண்டை, நல்ல தடிப்பு. முதலாளியின் மெல்லிய ரவைக்குள் அதை எந்தப் பக்கத்தால் தள்ளினாலும் போகாது.

முதலாளியம்மா அதைத் தண்ணீரில் கழுவினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீர் ஒண்டும் காணேல்லை," என்றார்.

"ஏன்? உங்கட பண்டியெல்லோ."

"அந்தாளுக்குப் புருவத்தில தையல் போட்டிருக்கு. இந்தக் குளிர்காலம் முடியுமட்டும் சந்தோசமா இருக்கட்டும்."

அந்த இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முதலாளி மக்னத்தால் முன்பு சுட்ட பன்றிகளில் தோள் முழுவதும் இரத்தம் கட்டி, பாதியை நாய்க்குத்தான் போடுவோம். இதில் ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டி எறிந்தால் போதுமாக இருந்தது. கனமான சன்னம் ஆறுதலாகப் போகும், அவசரப்பட்டு அயலையெல்லாம் குழப்பாது என்று முதலாளியம்மா சொன்னார். இந்தக் கிழட்டு ரவையை அந்தப் பக்கத்து வேட்டைக்காரர் பலர் ஏன் இன்னும் கைவிடுகிறார்களில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது பெருமைக்கு வைத்திருக்கிற சாமானில்லை, சமைக்கிறவள் பக்கம் நிற்கிற சாமான்.

மார்கழி முழுவதும் முதலாளி பன்றிக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பன்றி கொஞ்சம் வளர்ந்தது. முதலாளியம்மா பியர் ஊற்றியபடி அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் போய் நின்று சிரித்துவிட்டு வருவேன்.

பனி உருகிய பிறகு ஒருநாள் முதலாளி தனியாகச் சமையலறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். ஏதோ பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு நசுங்கிய சன்னத்தை எடுத்துக் காட்டினார். மெல்லியது.

"பண்டிக்குப் பின்னால நிண்ட மரத்துக்குள்ள இருந்து கத்தியால தோண்டி எடுத்தனான்," என்றார். "வேட்டை முடிஞ்ச அடுத்த நாளே."

அப்படியென்றால் ஏன் இவ்வளவு நாளும் அந்தக் கதை என்று கேட்டேன். அவர் புருவத்துத் தழும்பைத் தடவினார்.

"அவ ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆசையாக் கேக்கிறா, பாத்தனீரே?"

அன்று மாலையே நான் இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, உண்மையைச் சொல்லச் சொன்னேன். இனியும் இரண்டு பொய்க்கு நடுவில் நின்று சமைக்க எனக்கு ஏலாது என்றேன். இரண்டு சன்னமும் மேசைக்கு வந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, மேசைத்துணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பன்றி அன்றைக்குத்தான் உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

மக்னம் விற்பனைக்குப் போனது. அதன்பின் புதுச் சண்டை: சனிக்கிழமைகளில் கிழவியை யார் கொண்டுபோவது? கடைசியில் முதலாளியும் ஒரு ஒன்பது-மூன்று வாங்கினார். பெட்டிக்குள் ரவைகள் கலந்துபோனால் யாருடையது எது என்று சொல்ல முடியாது. அதற்கும் சண்டை பிடித்தார்கள்.

நூற்றாண்டு முடிகிற நேரம் நாங்கள் வேலை மாறி ஆஹென் நகரத்துக்குப் போனோம். புறப்படும்போது ஒரு பன்றித் தொடையை உறையவைத்துத் தந்துவிட்டார்கள். அங்கே அயலில் இருந்த தமிழ்ச் சனங்களைக் கூப்பிட்டு அதை உறைப்பாகக் கறி வைத்தேன். சாப்பிட வந்த ஒரு அக்கா, இறைச்சி நல்ல மெதுமையாயிருக்கு, எங்கை வாங்கினனீங்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டா. வாழ்க்கையில் துவக்கைக் கையால் தொட்டறியாத என் கணவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சன்னத்தின் தடிப்பிலிருந்து விளக்கத் தொடங்கினார். ஆபிரிக்காவைத் தாண்டுவதற்குள் கறி முடிந்துவிட்டது.