வேலியோரம் போன ரத்தத் தடம்

"படலைன்னு சொல்லிடுங்கண்ணா. அவருக்குத் தமிழ் தெரியாதில்லீங்க."

பிரபு இதை என் முதலாளி டேலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். டேல் எங்கள் எதிரில்தான் நின்றிருந்தார். "என்ன சொல்றார்?" என்று என்னிடம் கேட்டார். டேல் பேசியது ஆங்கிலம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் யாழினி ஒருநாள், "அப்பா, டூ யூ ஹெல்ப் பீப்பிள் கில் அனிமல்ஸ்?" என்று கேட்டாள். அவளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் இது.

1. என் வேலை

நான் தாராபுரத்தில் லாரி ஓட்டியவன். படிப்பு பத்தாவதோடு சரி. மனைவிக்கு டெக்சாஸில் நர்ஸ் வேலை கிடைத்து வந்தோம். எனக்குக் கிடைத்தது ஒரு வேட்டைப் பண்ணையில் சமையல் உதவி. பிறகு வண்டி ஓட்டினேன். அதற்குப் பிறகு கைடு ஆனேன்.

எல்க் என்பது நம்மூர்க் கடமானைவிடப் பெரிய மான். குதிரை உயரம் நிற்கும். ஆண் எல்க்கின் கொம்பு மரக்கிளைபோல விரியும். அந்தக் கொம்புக்காகத்தான் ஆட்கள் பணம் கட்டி வருகிறார்கள். சுட்டு, தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டுவார்கள். அதற்குப் பெயர் ட்ரோஃபி. பண்ணையைச் சுற்றி எல்க் தாண்ட முடியாத உயரத்தில் கம்பி வேலி.

கஸ்டமர் பிளைண்ட் என்கிற மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சுடுவார். கைடு பக்கத்தில் இருந்து எப்போது சுடலாம் என்று சொல்லவேண்டும். மிருகம் பக்கவாட்டில் நின்றால்தான் குண்டு நெஞ்சில் பாயும், உடனே விழும். பண்ணையில் ஒரு விதி உண்டு. ஆளுக்கு ஒன்றுதான். ரத்தம் சிந்திவிட்டால் அதுதான் உன்னுடையது, விழுந்தாலும் சரி, ஓடினாலும் சரி.

2. சனிக்கிழமைக் காலை

பிரபு டெக்சாஸிலேயே ஃபிரிஸ்கோ என்கிற ஊரில் சாஃப்ட்வேர் மேனேஜர். சொந்த ஊர் கோபி. ஆபீஸ் நண்பர்களோடு வந்திருந்தார். கைடுகளில் ஒரு தமிழ் ஆள் உண்டு என்று கேள்விப்பட்டு என்னைக் கேட்டு வாங்கினார்.

பிளைண்டுக்குப் போகும்போது தெர்மாஸ் காப்பி கொடுத்தேன். முட்டை சாண்ட்விச்சை நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார்.

"சனிக்கிழமைங்கண்ணா. முட்டைகூடத் தொடமாட்டேன்."

"சுடறது மட்டும் ஆகுமுங்களா தம்பி?"

"திங்கறதுக்குத்தானுங்க விரதம். சுடறதுக்கு யாருங்க சொன்னாங்க?"

ரெண்டு பேரும் சிரித்தோம்.

விடிந்ததும் ஒரு ஆண் எல்க் அடர்ந்த புதர்களுக்குள்ளிருந்து வந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாய்வாக நடந்தது. "பொறுங்க தம்பி, திரும்பட்டும்" என்றேன். அப்போது பக்கத்து பிளைண்டில் வெடிச் சத்தம் கேட்டது. நண்பர் முந்திக்கொண்டார் என்று பிரபுவுக்குப் பதற்றம். சுட்டுவிட்டார்.

எல்க் முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போனது. போய்ப் பார்த்தேன். புல்லில் கறுத்த ரத்தம், அதில் அரைபட்ட தழை, கெட்ட வாடை.

"வயித்துல பட்டிருக்குதுங்க. இப்பப் பின்னால போனா வலியோட ஓடும். விட்டா எங்கியாவது படுக்கும். மத்தியானம் வரைக்கும் காத்திருக்கோணும்."

"மத்தியானம் எல்லாரும் கிளம்பறோமுங்கண்ணா. அட, அங்க பாருங்க!"

மேட்டில் இன்னொரு எல்க் நின்றது. அதைவிடப் பெரிய கொம்பு. பிரபு மறுபடி குண்டை ஏற்றிக் குறிபார்த்தார். நான் துப்பாக்கிக் குழலைக் கையால் தாழ்த்தினேன். சத்தம் கேட்டு டேல் தன் பிக்அப்பில் வந்து இறங்கினார். அப்போதுதான் பிரபு, படவில்லை என்று சொல்லச் சொன்னார். படாவிட்டால் பெரியதைச் சுடலாம்.

3. மொழிபெயர்ப்பு

அந்தக் கூட்டத்தைச் சந்தோஷமாக அனுப்பவேண்டும் என்று டேல் எனக்குச் சொல்லியிருந்தார். அடுத்த சீசனுக்கு அவர்கள் ஆபீஸே வருமாம். கைடு வேலையில் நான் இன்னும் நிலைக்கவில்லை. நான் பொய் சொன்னால் டேல் நம்புவார். புதருக்குள் அந்த எல்க் குடல் கிழிந்து கிடக்கும்.

"படலைன்னு சொல்லச் சொல்றார்" என்று டேலிடம் சொன்னேன். "பட்டிருக்கு. வயித்துல."

பிரபு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, நம்மூரு ஆளுன்னுதான உங்களக் கேட்டு வாங்குனேன்? இப்படிக் காட்டிக் குடுக்கறீங்க?"

"நம்மூரு ஆளுன்னா சுட்டதை இல்லைன்னு சொல்லோணுமுங்களா?"

டேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியதையும் சுடட்டும். காயம்பட்டதை நீ சாவகாசமாத் தேடிக்கோ."

"தேடறேன். ஆனா அடுத்த குண்டுக்கு நான் பக்கத்துல உட்காரமாட்டேன். வேற ஆளைப் போட்டுக்கோங்க."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். "விதி நான் போட்டதுதான்" என்றார் டேல். பிறகு பிரபுவிடம் போய் ரைஃபிளை வாங்கிக் குண்டுகளை எடுத்துவிட்டார். "உங்க எல்க் புதருக்குள்ள இருக்கு. இவரோட காத்திருங்க."

நண்பர்கள் கிளம்பிப் போனார்கள். பிரபு மட்டும் தங்கினார்.

4. வேலியோரம்

மத்தியானம் டேலிடம் ரைஃபிளையும் குண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு, நானும் பிரபுவும் தடம் பிடித்து நடந்தோம். ரத்தம் புதரைத் தாண்டி வேலிக்குப் போனது. கம்பியில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. கொஞ்சம் தள்ளி மறுபடி கம்பியில் ரத்தம். பிறகும் அப்படியே.

"என்னங்கண்ணா இது?"

"வெளிய போக வழி தேடியிருக்குதுங்க."

"வெளிய போற கேட்டு எங்கீங்க இருக்குது?"

"நாம வந்தது ஒண்ணுதானுங்க. அதும் பூட்டியிருக்கும்."

அதன்பின் பிரபு மெதுவாகத்தான் நடந்தார். வேலி திரும்பும் மூலையில் அது படுத்திருந்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கிவைக்கத் தெம்பில்லாமல், கொம்பைக் கம்பியில் சாய்த்திருந்தது.

"நீங்களே சுட்டுருங்கண்ணா. என்னால ஆகாதுங்க."

"உக்காருங்க. முழங்கால்ல கையை ஊனிக்கோங்க. மூச்சை விட்டுட்டு அழுத்துங்க. இப்பத் தப்பக்கூடாது தம்பி."

தப்பவில்லை.

வெடிச் சத்தம் கேட்டு வந்த டேல் போட்டோவுக்குக் கூப்பிட்டார். பிரபு கொம்புப் பக்கம் போகவே இல்லை. என்னிடம் வந்து, "ஆபீஸ்ல போட்டோ கேப்பாங்களேங்கண்ணா?" என்றார்.

"வேலியைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவர் உண்மையிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் டேலிடம், இனி பிளைண்டில் உட்காரமாட்டேன், காயம்பட்டதைத் தேடும் வேலை மட்டும் கொடுங்கள் என்றேன். அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. உடனே கொடுத்துவிட்டார்.

"ஸோ யூ ஸ்டில் வொர்க் தேர்?" என்கிறாள் யாழினி. ஆமாம். தப்பிக்க வழியிருக்கும் காட்டில், சாப்பாட்டுக்காகச் சுடுகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. தப்ப வழியில்லாததைச் சுவருக்காகச் சுடுவதை வேட்டை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் விலகினால் வேலிக்குள் சுடுவது நின்றுவிடாது. தேடுவதுதான் நின்றுபோகும். இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

பிள்ளைகளே, உங்கள் கையால் ஒன்றுக்கு அடிபட்டுவிட்டால், பட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தேடிப் போங்கள். அது எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.