தண்ணீரைப் பார்த்து இடக்கைப் பக்கம்

எமிலியாவின் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பது கந்தக்குளியில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். கதிரையில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவள் முழுசாகக் குடித்து முடித்ததை யாரும் கண்டதில்லை. பாதியில் எழும்பிப்போய்க் கருவாட்டைப் புரட்டுவாள். வந்து ஒரு மிடறு குடிப்பாள். அதற்குள் கிணற்றடியில் வாளி ஞாபகம் வந்துவிடும். பிறந்த விதம் அப்படி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாடிக்குப் போகச் சாமான் ஏற்றிய லொறியில்தான் அவளுடைய தாய்க்குப் பிரசவ நோக்காடு கண்டதாம்.

வாடி என்றால் காற்றுக் காலத்துக்குப் போய் இருக்கிற இடம், வருசத்தில் பாதி அங்கேதான். சோளகக் காற்று கிளம்பிவிட்டால் கந்தக்குளிக் கடலில் வள்ளம் இறக்க முடியாது. பெட்டி படுக்கை, வலை, கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஒடுங்கின நிலத்தைக் குறுக்கே கடந்து, மற்றப் பக்கத்தில் கடல் உள்ளே புகுந்து அலையில்லாமல் கிடக்கிற களப்புக் கரைக்குப் போவார்கள். காற்று அடங்கும்வரை அங்கே ஓலைக் குடிசையில் இருந்து நண்டும் இறாலும் பிடிப்பார்கள். எமிலியாவுக்கு இந்த அலைச்சல் பிடிக்கும். கட்டிக்கொண்ட கில்பட்டுக்குத்தான் பிடிக்காது. அவர் ஓரிடத்தில் இருந்தால் இருந்ததுதான், நங்கூரம் போட்டது மாதிரி.

கலியாணம் கட்டிப் பல வருசம் கழித்து ஒரேயொரு பிள்ளை, மெரினா. அவளைப் படிப்பிக்க எமிலியா மீன் கூடையோடு ஏறாத பஸ் இல்லை. பிள்ளை படித்தாள், உள்ளூர்ப் பள்ளியில் ரீச்சர் வேலையும் சரிவரும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, கன்னியர் மடத்துக்குப் போகப்போகிறேன் என்று வந்து நின்றாள். எமிலியா கத்தினாள், பட்டினி கிடந்தாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் கோயில் வளவில், பூசை முடிந்து ஊரே நிற்கும்போது சொன்னாள்:

"இண்டையோட எனக்குப் பிள்ளை இல்ல. இவ சிஸ்டராகிற கோயிலுக்குள்ள என்ர கால் படாது, கண்ணாலயும் பாக்கமாட்டன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு ஞாபகசக்தியும் கூட. சொன்ன சொல்லை எமிலியாவும் மறக்கவில்லை, ஊரையும் மறக்க விடவில்லை. மகள் போன் எடுத்தால் கில்பட் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு மெல்ல அடுப்படிப் பக்கம் வருவார். எமிலியா சட்டிபானையை உருட்டுவாள். ஆனால் அந்த நேரம் மட்டும் அடுப்படியை விட்டு நகரமாட்டாள். அது கில்பட்டுக்கும் தெரியும்.

வருசங்கள் ஓடி, மெரினாவின் நித்திய வார்த்தைப்பாட்டு நாளும் வந்தது. சிலாபத்துப் பெரிய கோயிலில் பூசை. அதற்குப் பிறகு பிள்ளை முழுசாக மடத்துக்குத்தான். விடியவே கில்பட் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாடிக் குடிசை வாசலில் நின்றார்.

"வாறியா, எமிலி? தாயும் தகப்பனும் ரெண்டு பக்கமும் நடந்துபோய்ப் பிள்ளையப் பீடத்தில விடவேணும்."

"நண்டு வலை ஆர் இழுக்கிறது?"

"டீவியில நேரா காட்டுறாங்களாம்," என்று சும்மா காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அவர் வாசலுக்கு வந்த வாடகை வானில் ஏறிப் போய்விட்டார். படம் எடுக்கவென்று இருந்த ஒரே பெரிய போனையும் கொண்டு போய்விட்டார். அவளிடம் மிஞ்சியது பட்டன் போன்.

டீவியில் காட்டப்போவது எமிலியாவுக்கு முன்னமே தெரியும். அதற்காகத்தான் போன கிழமை வாடிக்கு வரும்போது டீவியையும் புது டிஜிட்டல் பெட்டியையும் அன்டெனாவையும் தன் கையாலேயே லொறியில் ஏற்றினாள். கேட்டவர்களுக்குப் பொழுதுபோக்கு என்றாள். கில்பட் போன சூட்டோடு அன்டெனாக் குழாயைக் கொட்டிலின் கப்பு மரத்தோடு சேர்த்துக் கட்டி, இடக்கைப் பக்கம் திருப்பினாள். கந்தக்குளியில் பெட்டி பூட்ட வந்த றிஸ்மின் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு வேதவாக்கு: "தண்ணியப் பாத்துக்கிட்டு நில்லுங்கக்கா. இடக்கைப் பக்கம் திருப்பிட்டா எல்லாச் சானலும் வரும்."

பெட்டியைப் போட்டாள். 'சிக்னல் இல்லை.'

ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினாள். பெட்டியின் முதுகில் ஒன்று வைத்தாள். வயர் நுனியில் உப்புக்காற்றுக்குப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மீன் வெட்டும் கத்தியால் சுரண்டிப் பல்லால் இறுக்கிப் பூட்டினாள். இல்லை. ஓடிப்போய்க் குழாயைக் கொஞ்சம் திருப்பினாள், ஓடிவந்து பார்த்தாள். வீட்டில் என்றால் கில்பட் குழாயடியில் நிற்பார், இவள் உள்ளிருந்து "இன்னும், இன்னும்... ஐயோ போயிட்டுது!" என்று கத்துவாள். இன்றைக்குத் திருப்பவும் அவள், கத்தவும் அவள். ஒருதரம் ஓடி வந்தபோது இரண்டு சிங்களச் சானல் விட்டுவிட்டுத் தெரிந்தன. இன்னும் வரட்டும் என்று திரும்பத் தேடச் சொல்லி அமத்தினாள். பெட்டி, இருந்த இரண்டையும் அழித்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்றது.

பழைய டீவி இப்படி இல்லை. புள்ளி மழை பெய்தாலும் அதற்குள் ஆள் அசைவது தெரியும், சத்தமாவது கேட்கும். இந்தப் பெட்டிக்கு வந்தால் முழுசு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு பேச்சுக்கு இடம் கிடையாது. "உனக்கு என்னடா இவ்வளவு வீம்பு!" என்று எமிலியா பெட்டியை ஏசினாள். யார் யாரை ஏசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா!

ஒன்பது மணிக்குப் பூசை. நேரம் கிட்டக்கிட்ட அவள் பட்டன் போனை எடுத்தாள். றிஸ்மினுக்குப் போன் போட்டாள்.

"நான் செல்லித்தந்த மாதிரியே திருப்பினீங்களா?"

"ஓம். தண்ணியப் பாத்து இடக்கைப் பக்கம்."

"அப்ப வரத்தானேக்கா வேணும்!" அவன் அவளைக் கந்தக்குளி வீட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். வாடியில் நிற்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை. சொன்னால், வாடிக்கு டீவியைத் தூக்கிப்போக என்ன அவசரம் என்று கேட்பானே!

பக்கத்து வளவு முஃப்லிஹா நண்டுப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளைதான் இந்தக் கரையில் நண்டு வாங்குகிற ஆள்.

"எமிலியாக்கா, காலையிலயே அன்டெனாவோட மல்லுக்கட்டுறீங்க?"

"செய்தி பாக்க," என்றாள் எமிலியா, திரும்பிப் பார்க்காமல்.

குழாயைப் பிடித்தபடி களப்பைப் பார்த்து நின்றாள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. கண் கூச, கையை நெற்றிக்கு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கந்தக்குளியில் காலையில் தண்ணீரைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் அல்லவா சுடும்! அங்கே கடல் மேற்கில். இங்கே களப்பு கிழக்கில். தண்ணீரின் முகம் மாறினால் இடக்கையும் மாறிப்போகாதா? லொறியில் பிறக்கப் பார்த்தவள், வருசாவருசம் கரை மாறுகிறவள், வடக்கு தெற்கு என்று ஒருநாளும் சொல்லிப் பழகாதவள். கடல் பக்கம், கரைப் பக்கம், இடக்கை, வலக்கை, அவ்வளவுதான் அவளுடைய திசை. காலையிலிருந்து அன்டெனாவை வடக்கே ஆளில்லாத கடலைப் பார்க்க வைத்துவிட்டுப் பெட்டியை ஏசிக்கொண்டிருக்கிறாள்.

"மூதேவி," என்று தன்னையே திட்டிக்கொண்டு குழாயை வலக்கைப் பக்கம், நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டு தெரிகிற திசைக்குத் திருப்பி இறுக்கினாள். உள்ளே ஓடித் தேடச் சொன்னாள். நீலக் கோடு நத்தையாக ஊர்ந்தது. ஒன்பது மணி தாண்டிவிட்டது. எமிலியா நின்றாள், குந்தினாள், எழும்பினாள், மாதாவே மாதாவே என்றாள். ஒரு சானல். இன்னொன்று. பிறகு கடகடவென்று வரிசையாக வந்து விழுந்தன.

கத்தோலிக்கச் சானலில் மணிச் சத்தம் கேட்டது. ஆயர் வரப் பிந்தியிருக்க வேண்டும், ஊர்வலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சிவப்புக் கம்பளத்தில் ஒவ்வொரு பிள்ளையாக, தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம். தாய்மார் பட்டுச் சேலையில் அழுதுகொண்டே நடந்தார்கள்.

கடைசியாக மெரினா வந்தாள். மெலிந்திருந்தாள். வலக்கைப் பக்கம் கில்பட், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்து வைத்து நடந்தார். மற்றப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் தகப்பனும் மகளும் கம்பளத்தின் நடுவால் நடக்கவில்லை. வலது ஓரமாகவே நடந்தார்கள். கில்பட்டின் ஒரு கால் கம்பளத்துக்கு வெளியே நிலத்தில் பட்டது. மெரினாவின் இடக்கைப் பக்கம், ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சிவப்புக் கம்பளம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தை விட்டுத்தான் அவள் நடந்தாள், பீடம் வரைக்கும்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எமிலியா வீட்டில் இத்தனை வருசமும் அது தலைகீழாகக் கிடந்தது.

"நடுவால நட பிள்ள," என்றாள் எமிலியா. முதலில் டீவிக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு அடங்காமல் கத்தினாள். "நடுவால நடவன் பிள்ள! நான் வரேல்லத்தானே, ஏன்டி இடம் விட்டுக்கொண்டு போறாய்!"

முஃப்லிஹா ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். டீவியைப் பார்த்தாள், எமிலியாவைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்... அது ஒங்கட மகளா?"

கோயில் வளவில் அத்தனை பேர் முன்னால் பிள்ளை இல்லை என்று சொன்ன அதே வாய் திறந்தது.

"ஓம். என்ர மகள்."

கொடியில் கிடந்த சேலையை இழுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை.

"உங்கட மாப்பிள்ள நண்டு லொறி எடுத்திட்டாரா?"

"எடுக்கப் போறார். ஆனா நீங்க சிலாபத்துக்குப் போய்ச் சேரக்குள்ள பூசை முடிஞ்சிருமே, எமிலியாக்கா?"

"முடியட்டும்," என்றாள் எமிலியா, ஒற்றைச் செருப்பையும் உதறிவிட்டு. "பிறகு எல்லாருக்கும் சோறு குடுப்பினம். பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு கதிரை சும்மா கிடக்கும். எனக்குத் தெரியும்."